இரண்டு விரல் தண்ணீர்

இந்தக் காலத்தில் யாரும் மூடியைத் திருகி மூடுவதில்லை. மேலே வைத்து ஒரு அரைச் சுற்று, அதோடு கையை எடுத்துவிடுகிறார்கள். உங்கள் மேஜை மேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலையே பாருங்கள் இன்ஸ்பெக்டர் அம்மா. நான் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது. அதன் மூடி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இருக்கிறது. பேனா ஒரு மூலை, பேனா மூடி ஒரு மூலை. என் வீட்டிலும் அப்படித்தான். எண்ணெய் பாட்டில், பற்பசை, தைலம் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கேட்டால், "திரும்பத் திறக்கத்தானே போறோம்" என்பார்கள். இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு உலகத்தை ஓட்டுகிறார்கள்.

நான் வாயால் சொல்ல, உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று எழுதுவார், கடைசியில் அடியில் என் கையெழுத்து இருக்கும். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனாலும் நாற்பது வருடம் லோடு சீட்டை என் கையால் எழுதியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

என் பழக்கம் கோடு போடுவது. அதை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் இருக்கும். வீட்டில் மண்ணெண்ணெய் கேன், பால் பாத்திரம், தைலப் புட்டி என்று எல்லாவற்றிலும் என் கோடு இருக்கும். "என் நெத்தியில மட்டும்தான் இந்த மனுஷன் இன்னும் கோடு போடல" என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். சொல்லட்டும். மனுஷன் மாற்றிப் பேசுவான். கோடு பேசாது.

லாரியில் கற்றது இது. லாரிக்காரன் டீசல் முள்ளை நம்ப மாட்டான். தொட்டிக்குள் குச்சி விட்டுத்தான் பார்ப்பான். அதிலும் வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டுத்தான் குச்சி விட வேண்டும். மேட்டில் நிறுத்திக் குச்சியை விட்டுவிட்டு, எண்ணெய் குறைகிறது, எவனோ எடுத்துவிட்டான் என்று கத்துகிறவனை நான் ஓட்டுநர் என்றே சேர்ப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் இப்போது நிறைய.

இனி நாங்கள் மூன்று பேர் யார் யார் என்று சொல்கிறேன்.

வண்டி சம்பந்தியுடையது. என் மகளைக் கொடுத்த வீட்டுக்காரர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சிரித்த முகம். யாரைப் பார்த்தாலும் அவர்கள் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் தன் வேட்டி நுனியால் துடைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். எனக்கு இரண்டு கண்ணாடி சும்மாவே போட்டுக் கொடுத்தார். சும்மா கொடுக்கிறவரை நான் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பேன். ஆனால் அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொருவன் என் மச்சினன். மனைவியின் தம்பி, தையல்காரன். அவன் மேல் எனக்கு ஒன்று இருந்தது. மறைக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன் நான் கொடுத்த கட்டம் போட்ட துணியில் இரண்டு பை வைத்துச் சட்டை தைக்கச் சொன்னேன். ஒரு பைதான் வந்தது. துணி போதவில்லை என்றான். பிறகு அவன் கடையில் ஊசி குத்தி வைக்கும் சின்ன மெத்தையைப் பார்த்தேன். அதே கட்டம். கேட்டதற்கு, "அத்தான், உங்க வயிறு வளந்ததுக்குத் துணி என்ன பண்ணும்? அது கழுத்துல வெட்டின துண்டு" என்று சிரித்தான். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. முப்பது வருடமாக அந்தப் பதில் வராமலே இருந்தது. அதற்குப் பிறகும் அவனிடம்தான் தைத்தேன். எப்போதும் ஒரு பைதான் வைக்கச் சொல்வேன். அவனுக்கு உறைக்கட்டும் என்று.

பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுரங்க ஊரில் என் மகளும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். குழந்தை பிறந்து இருபது நாள். பேத்தி. தாத்தாக்கள் இருவரும் போய்ப் பார்ப்பது என்று முடிவானது. பேருந்தில் போகலாம் என்றேன். சம்பந்தி கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரு நாலடிக் கடைக்குள் உட்கார்ந்துவிட்டேன், இந்த ஒரு தடவை வெட்டவெளியில் கூடாரம் போட்டுப் படுத்து எழுந்து போகலாம் என்று பிடிவாதம். கூடாரம், மடக்கு நாற்காலி, சின்ன அடுப்பு எல்லாம் வாங்கி வைத்துவிட்டார். புறப்படும் காலையில் மச்சினன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பையில் பன்னிரண்டு குட்டிச் சட்டைகள், எல்லாம் அவனே தைத்தது. "நானும் வரேன்னு அங்க சொல்லாதீங்க அத்தான். மாமாவைத் திடீர்னு பாத்தா அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றான். என் மனைவி ஜன்னல் பக்கம் வந்து, "தம்பியைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க. அவன்கூட வழியில வம்பு பண்ணாதீங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

புது நெடுஞ்சாலையில் பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். கூடாரம் போட இடம் தேடி, பழைய சுரங்கச் சாலையில் திருப்பச் சொன்னார் சம்பந்தி. புதுச் சாலை வந்த பிறகு அதில் யாரும் போவதில்லை. தார் பெயர்ந்து, மேலே மணல் ஏறிக் கிடந்தது. அதுவும் அந்தச் சுரங்க ஊருக்குத்தான் போகிறது, கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். திருப்பத்திலிருந்து இருபத்து நாலாவது கிலோமீட்டரில், பிற்பகலில், ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்தது. வண்டி முழுக்க ஆவி. சம்பந்தி பயந்துபோய் ஒடித்துத் திருப்பினார். முன் சக்கரம் இரண்டும் ஓரத்து மணல் மேட்டில் ஏறி, மூக்கு மேலே, பின்பக்கம் கீழே என்று வண்டி நின்றது. பின் சக்கரத்துக்கு நான் கல் வைத்தேன்.

"சம்பந்தி, பேத்திக்குச் சொல்றதுக்கு முதல் கதை கிடைச்சாச்சு" என்றார் அவர். "மூணு கிழவனும் ஒரு கிழட்டு வண்டியும்."

"நாலு கிழம்னு ஒண்ணாச் சொல்லிடுங்கண்ணே, வண்டி கோவிச்சுக்கும்" என்றான் மச்சினன்.

குழாயை நான் சரி செய்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி, வெடிப்பின் மேல் சுற்றி, மச்சினனின் மெழுகு நூலால் இறுக்கிக் கட்டி, மேலே பசை பூசினேன். கட்டும்போது அவன் ஒரு நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டான். காலைக்குள் காய்ந்து இறுகிவிடும் என்று சொன்னேன். இறுகியது. என் வேலையில் குறை இல்லை.

எங்களிடம் இருந்தது ஒரே தண்ணீர் கேன். இருபது லிட்டர், உள்ளே தெரிகிற வெள்ளை பிளாஸ்டிக். வழியில் குடித்தது போக, ரேடியேட்டருக்கு ஊற்றியது போக, பாதி நின்றது. சம்பந்தி மூடினார். டிக்கிக்குள் வைத்தார். வெளிச்சம் இருக்கும்போதே நான் டிக்கியைத் திறந்து, என் பக்கம் பார்த்திருந்த முகத்தில், தண்ணீர் நின்ற மட்டத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டேன். நான் கோடு போட்டதை அவர்கள் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"என்ன அத்தான், நாங்க திருடிக் குடிச்சிடுவோமா?" என்றான் மச்சினன்.

"குடிச்சா தெரியும்" என்றேன்.

முப்பது அடி தள்ளி ஒரு பாறை இருந்தது. அதன் ஓரம் தரை பலகை மாதிரி சமம். அங்கே கூடாரம் போட்டோம். படுத்தோம். நன்றாகத் தூங்கினேன்.

காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது மச்சினன் எனக்கு முன்னால் எழுந்திருந்தான். டீ போட அடுப்பை எடுத்து வைத்திருந்தான். கேன் டிக்கியில் இல்லை. கூடாரத்து வாசலில், தரையில் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தது. இரண்டு விரல் கீழே. என் விரலை வைத்துப் பார்த்தேன். அந்தக் கேனுக்கு இரண்டு விரல் என்றால் ஏறக்குறைய இரண்டு லிட்டர். மூடியைத் தொட்டேன். அரைச் சுற்றில் நின்றது.

"டீ போட்டியா?"

"இன்னும் இல்ல அத்தான். இப்பதான் தூக்கிட்டு வந்தேன். திறக்கவே இல்ல."

"அப்ப யாரு குடிச்சது?"

அவன் கேனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான். "பாறை குடிச்சிருக்கும்" என்றான். சம்பந்தி உள்ளே இருந்து, "சூட்டுல ஆவியாப் போயிருக்கும், விடுங்க சம்பந்தி" என்றார். மூடி போட்ட கேனில் ஒரே இரவில் இரண்டு லிட்டர் ஆவியாகுமா? கண்ணாடி விற்கிறவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நிதானமாக எழுதுகிறேன். பிறகு யாரும் நான் கோபத்தில் செய்தேன் என்று சொல்லக் கூடாது. எனக்குக் கோபம் வரவில்லை.

லாரிக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருடம் பெட்ரோல் வேன் ஓட்டினேன். தெரியாத ஊரில் வேனை விட்டுப் போகும்போது, இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவோம். கட்டைவிரல் அளவு சாமான்தான். அது இல்லாவிட்டால் வண்டி வெறும் தகரம். சாவி இருந்தாலும் எவனும் எடுத்துப் போக முடியாது. அன்றைக்குக் காலையில் குழாயைப் பார்க்கப் போகிறேன் என்று போனேன். குழாய் கல் மாதிரி இறுகியிருந்தது. வண்டி ஓடும். ஓடினால் நாங்கள் பேத்தியைப் பார்ப்போம், சிரிப்போம், சாப்பிடுவோம். தண்ணீரை யார் எடுத்தார்கள் என்று பிறகு ஒருநாளும் தெரியாது. முப்பது வருடத்துக்கு முந்தைய பை மாதிரி அதுவும் அப்படியே போய்விடும்.

சம்பந்தி வண்டியும் பழைய பெட்ரோல் வண்டிதான். ரோட்டரைக் கழற்றினேன். சட்டைப்பையில் போட்டேன். சம்பந்தியைக் கூப்பிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

"என்ன ஆச்சு சம்பந்தி?"

"போயிடுச்சு" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. எது போச்சு, எங்கே போச்சு என்று அவர்கள் கேட்கவில்லை.

ஒரு மணி நேரம் என்று நினைத்தேன். தண்ணீர் அளவாக இருக்கிறது, வண்டி ஓடவில்லை என்றால், எடுத்தவன் மனசு குத்தும், வாயைத் திறப்பான். நான் ரோட்டரைப் போடுவேன். அவ்வளவுதான் திட்டம். ஆளுக்கு வேளைக்கு ஒரு டம்ளர், ஒரு நாளைக்கு நாலு வேளை என்று அறிவித்தேன். சமதரையில் புதுக் கோடு போட்டேன். ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் ஒரு கோடு. அன்று முழுக்க ஒரு துளி கூடக் குறையவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் எடுத்தவன் உஷாராகிவிட்டான். குற்றம் நடந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வெயில் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தோம். மடக்கு நாற்காலியின் கைப்பிடியில் கை வைக்க முடியவில்லை. கைபேசியில் சிக்னல் கோடு ஒன்று கூட இல்லை. சம்பந்தி பாறை மேல் ஏறி நின்று அதைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.  அவருக்குச் சர்க்கரை. அடிக்கடி தண்ணீர் குடிக்கிற உடம்பு. தன் டம்ளரை அவர் ஒரே மடக்கில் குடித்துவிடுவார். மச்சினன் தன் டம்ளரில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவருக்கு ஊற்றுவான். நான் அதையும் கவனித்தேன். உண்மையில் தாகம் உள்ளவன் இப்படிக் கொடுப்பானா? இரண்டு லிட்டர் ஏற்கெனவே வயிற்றில் இருந்தால்தானே கொடுக்க முடியும்?

சாயங்காலம் திரும்பவும் கேட்டேன். தனித்தனியாகக் கேட்டேன். சம்பந்தி, "எனக்கு ராத்திரி எழுந்திருக்கவே முடியாது, முட்டி வலி, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு மச்சினனைக் கேட்டேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருந்தான், அது அவனுக்குத் துண்டு மாதிரி. அதை விரலில் சுற்றிக்கொண்டே, "அத்தான், ரெண்டு விரலை விடுங்க. வண்டிக்கு என்னதான் ஆச்சு? நூல்ல கட்டற விஷயம்னா சொல்லுங்க, நான் கட்டறேன்" என்றான்.

"நூல்ல கட்டற விஷயம் இல்ல" என்றேன்.

மறுநாள் விடியும்போது அவன் தயாராக நின்றான். திருப்பம் வரைக்கும் இருபத்து நாலு கிலோமீட்டர், வெயில் ஏறுவதற்குள் பாதி தூரம் போய்விடுவேன், புதுச் சாலையில் எந்த வண்டியையாவது நிறுத்துவேன் என்றான். சம்பந்தியின் நாக்கு அதற்குள் தடித்திருந்தது, வேண்டாம் என்று கை ஆட்டினார். நான் தடுக்கவில்லை. தப்பு செய்யாதவன் இருந்த இடத்தில் இருப்பான். எழுந்து போகிறவன் ஏன் போகிறான்?

ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். போதும் என்றான். ஒரு லிட்டர் போதும் என்றான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குட்டிச் சட்டைப் பையை என்னிடம் கொடுத்தான். "எனக்கு லேட் ஆச்சுன்னா நீங்களே குடுத்துடுங்க. மஞ்சள் கலர்ல ஒண்ணு இருக்கு, அதை முதல்ல போடச் சொல்லுங்க." பிறகு என் சட்டையைப் பார்த்தான். தையல்காரன் கண் அங்கேதான் போகும்.

"பையில என்ன அத்தான், இப்படித் தொங்குது? தையல் விட்டுடும்."

"உன் தையல்தானே, விடாதுன்னு சொன்னியே."

சிரித்தான். உதடு வெடித்து ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டான். பத்து அடி போய்த் திரும்பி நின்று ஒன்று சொன்னான். அதைத்தான் நீங்கள் இரண்டு முறை என்னிடம் கேட்டீர்கள். அவன் சொன்னது இது:

"சரி அத்தான், நான்தான் குடிச்சேன்னு வெச்சுக்கங்க. மனசு ஆறிடுச்சா?"

அவன் ஒத்துக்கொண்டானே, அப்போதாவது ரோட்டரைப் போட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்றால் அது ஒப்புதலா அம்மா? உங்கள் வேலையே இதுதானே. நாளைக்கு ஒருவன் வந்து, நான்தான் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றால் எழுதிக்கொள்வீர்களா? அது சமாதானத்துக்குச் சொல்வது. சின்னப் பிள்ளையை ஏமாற்றுவது மாதிரி. அவன் நேராக நின்று, ஆமாம், எடுத்தேன் என்று சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே இன்ஜினைத் திறந்திருப்பேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை நேராக இருந்ததால் வெகுநேரம் தெரிந்தான். பிறகு தெரியவில்லை.

உச்சி வெயிலில் சம்பந்திக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. தோல் காய்ந்த தாள் மாதிரி. கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு யாரிடமோ, "கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பங்கு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாயில் வைத்தேன். அப்போது தெளிவு வந்தது. என் கையைத் தள்ளினார்.

"நீங்க குடிங்க. நீங்கதான் வண்டியைப் பாக்கணும்" என்றார்.

எனக்கு அதில் எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீரை வேண்டாம் என்கிறவர் தண்ணீரைத் திருடியிருக்க மாட்டார். இவர் இல்லை என்றால் அவன்தான். முடிந்தது. நான் எழுந்து போய் ரோட்டரைப் போட்டேன். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. குழாயில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

சம்பந்தியைப் பின்சீட்டில் படுக்க வைத்தேன். கண்ணாடி கழன்று விழுந்தது, எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டேன். எந்தப் பக்கம் போவது என்று யோசித்தேன். திரும்பினால் வழியில் மச்சினன் இருப்பான். ஆனால் மருத்துவமனை முன்பக்கம்தான், சுரங்க ஊரில், எழுபது கிலோமீட்டர். நோயாளி வண்டியில் இருக்கும்போது மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். முன்பக்கம் ஓட்டினேன். முப்பது கிலோமீட்டர் ஓட்டியதும் பின்னால் சம்பந்தியின் முனகல் நின்றது. நான் வண்டியை நிறுத்தவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்தபோது கேனில் ஐந்து விரல் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை யாரும் சொல்வதில்லை. கடைசி வரைக்கும் கேன் காலியாகாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

மகளும் மாப்பிள்ளையும் அழுதார்கள். மருத்துவமனை, தாள்கள், கையெழுத்துகள். மச்சினன் எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவன் வருவதே அவர்களுக்குத் தெரியாதே. பேத்தியை என் மடியில் வைத்தார்கள். மஞ்சள் சட்டையை முதலில் போடச் சொன்னேன். யார் தைத்தது என்று மகள் கேட்டாள். உன் மாமா என்றேன். கொடுத்து அனுப்பினார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் என் மனைவி கூப்பிட்டாள். "தம்பி ஏன் போனை எடுக்க மாட்டேங்கறான்? அவன்கிட்டக் குடுங்க." கேட்டதும் சொல்லிவிட்டேன். ஒளிக்கவில்லை. அவன் நடந்து போயிருக்கிறான் என்றேன்.  அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

உங்கள் ஆட்கள் அவனைப் பதினேழாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். அளவு நாடாவைத் தலையில் சுற்றிக் கட்டியிருந்தானாம். மடியில் பாட்டில். அதில் தண்ணீர் மிச்சம் இருந்தது. எவ்வளவு என்று நான் கேட்டேன். அவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதும் ஒருவர் விரலைக் காட்டினார். இரண்டு விரல்.

நீங்களே யோசியுங்கள். அந்த வெயிலில், சாகிற நேரத்தில், கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஏன் குடிக்காமல் விட வேண்டும்? வேறு யாராவது வந்தால் கொடுக்கலாம் என்றா? வழியில் நான் வருவேன் என்றா? எடுத்த அளவைத் திருப்பி வைத்தான். வாயால் சொல்ல வராததை அப்படிச் சொன்னான். எனக்கு அது போதும்.

ஆக, ரோட்டரைக் கழற்றியது நான். ஒன்றரை நாள் பையில் வைத்திருந்தது நான். அவனை நடக்க விட்டது நான். திரும்பிப் போய் ஏற்றாததும் நான். சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்தபோது என் பையில் வண்டி இருந்தது. இரண்டு பேரும் என்னால்தான் போனார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஏன் செய்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவையும் எழுதி உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் மெதுவாகப் படித்தீர்கள். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனீர்கள். பிறகு கேனைக் கொண்டுவரச் சொன்னீர்கள். இதற்குக் கீழே எழுதுவது அதற்குப் பிறகு நடந்தது. நடந்தது எல்லாம் தாளில் இருக்க வேண்டும் அல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

என் பழைய கோடு தெரியும்படி கேனை மேஜையில் வைத்தீர்கள். அடியில் ஒரு பக்கம் கோப்புக் கட்டைத் தள்ளிச் சாய்த்தீர்கள், வண்டி நின்ற சாய்வு இதுதான், எங்கள் ஆட்கள் சக்கரத் தடத்தை வைத்து அளந்தார்கள் என்றீர்கள். கோட்டைத் தொடும் வரைக்கும் தண்ணீர் ஊற்றினீர்கள். மூடியைத் திருகி மூடினீர்கள், ஒழுங்காக. கோப்புக் கட்டை உருவினீர்கள். கேன் சமமாக நின்றது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே போய் நின்றது.

"யாரும் குடிக்கலைங்க ஐயா" என்றீர்கள். "வண்டி மூக்கு மேலே தூக்கி நின்னுது. மேட்டுல கோடு போட்டீங்க. சமதரையில பாத்தீங்க. நீங்களே முதல் பக்கத்துல எழுதியிருக்கீங்க."

"அது டீசலுக்கு" என்றேன்.

 எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டேன். உங்கள் விரலை வைத்து, இரண்டு விரல் என்று காட்டினீர்கள். உங்கள் விரல் ஒல்லி அம்மா. உட்கார்ந்து எழுதுகிற விரல். நான் எழுந்து வந்து என் விரலை வைத்தேன். ஒன்றே முக்கால்தான் வந்தது. நீங்களும் பார்த்தீர்கள். சாய்வால் ஒன்றே முக்கால் போனது என்றே வைத்துக்கொள்வோம். மீதிக் கால் விரல் எங்கே? ஒரு டம்ளருக்குக் குறையாது. அதை யார் குடித்தது?

நீங்கள் கேனை ஓரமாக நகர்த்தினீர்கள். 

நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள், காகித டம்ளரில். பாதி குடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன், கீழே பாருங்கள். வாசலில் காவலர் நிற்கிறார், வாங்க பெரியவரே என்கிறார். போகிறேன். மீதித் தண்ணீரை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். டம்ளரில் நகத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மேஜை சமமாகத்தான் இருக்கிறது, பார்த்துக்கொண்டேன்.